பெட்டி தாங்கும் நேரம்

வெள்ளிக்கிழமை, பகல் பதினொரு மணி. செல்லூரில் தறிப் பட்டறைகள் இருக்கும் ஒரு சந்து. அந்த வீட்டில் யார் யார் இருந்தார்கள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

முத்துப்பேச்சி. ஐஸ் பெட்டிக்குள் இருந்தார். வயது அறுபத்தொன்று.

அவர் கணவர் கருப்பையா. சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலியில்.

மகள் ராமுத்தாய். தலைமாட்டில், தரையில்.

முத்துப்பேச்சியின் அண்ணன் சோணைமுத்து. உசிலம்பட்டிப் பக்கமிருந்து பிறந்த வீட்டுக் கோடிச் சேலையோடு வந்தவர்.

பக்கத்துப் பட்டறைக்காரர் ஒருவர். எட்டுத் தறியையும் நிறுத்திவிட்டு வந்திருந்தார்.

சந்து முனையில் மேளக்காரர்கள் நான்கு பேர்.

வேன் ஓட்டும் சேகர். வேனுக்குள் உட்கார்ந்திருந்தான்.

நான். பெட்டிக்காரன்.

ஒரே மகன் பாண்டி இல்லை. சிங்கப்பூரிலிருந்து வந்துகொண்டிருந்தான். அவனுக்காகத்தான் பெட்டி.

இறந்தவர்களை வைக்கும் ஐஸ் பெட்டியை வாடகைக்கு விடும் கடையில் பத்தொன்பது வருடம் வேலை பார்த்தேன். போன வருடம் நின்றுகொண்டேன். முதுகு ஒத்துழைக்கவில்லை. கடையை இப்போது முதலாளியின் மருமகள் பார்த்துக்கொள்கிறார். புதிதாக வந்த ஆட்களுக்குக் கொடுக்க வேண்டும், அந்த வெளிநாட்டு நேரக் கணக்கை எழுதித் தாருங்கள் என்று கேட்டார். நான் படித்தது ஐந்தாவது. கணக்கை மட்டும் எழுதினால் அரைப் பக்கம் வரும். அதை மட்டும் கொடுத்தால் அவர்களும் நான் செய்ததையே செய்வார்கள். அதனால் இதையும் சேர்த்து எழுதுகிறேன்.

அதற்கு முன் கப்பலூரில் ஒரு கம்பெனியில் மூட்டை தூக்கினேன். அது மூடியது. இந்த முதலாளி காஜா பாய் கடைக்கு ஆள் வேண்டும் என்றார்கள். போனேன். வேலை பழக ஒரு வாரம் ஆனது. அவ்வளவுதான் படிப்பு.

பெட்டியை மட்டமான தரையில் வைக்க வேண்டும். கால் ஆடினால் அட்டையை மடித்துக் கொடுக்க வேண்டும். வீட்டு பிளக்கை நம்பக் கூடாது. நம் எக்ஸ்டென்ஷன் போர்டைக் கொண்டு போக வேண்டும். ஆளை உள்ளே வைக்கும் முன் பெட்டி அரை மணி நேரம் வெறுமனே ஓட வேண்டும். மோட்டார் கால்மாட்டில் இருக்கும். அதன் மேல் மாலை போட விடக் கூடாது. கண்ணாடியில் வேர்த்தால் வேட்டித் துணியால் துடைக்க வேண்டும். முகத்துக்கு நேராக மட்டும் துடைத்தால் போதும். தொட்டு அழ வேண்டும் என்று மூடியைத் திறக்கச் சொல்வார்கள். நெருங்கிய சொந்தம் என்றால் ஒரு தடவை திறக்கலாம். ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் பெட்டியின் குளிர் அரை மணி பின்னால் போகும்.

காஜா பாய் குள்ளமான மனிதர். சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. போன் வந்தால் எழுந்து நின்றுதான் எடுப்பார். பிணம், பாடி என்று சொல்ல மாட்டார். யார் வீட்டு ஆளானாலும் மையித்து என்பார். ஒரு நாள் கேட்டேன், உங்கள் ஆட்களுக்கு நாம் பெட்டியே அனுப்புவதில்லையே என்று.

"எங்க ஆளுகளுக்கு எதுக்குப்பா பெட்டி? சாயங்கால அஸர் தொழுகைக்குள்ள அடக்கிருவோம். நீங்கதான் மகன் வரணும், மக வரணும்னு வச்சுக்கிட்டு உக்காந்திருப்பீக. அதுல எனக்குப் பொழப்பு ஓடுது."

சிரிக்காமல் சொன்னார்.

அவர் எனக்கு வைத்த விதிகள் இரண்டு.

ஒன்று, ஆளை வெளியே எடுத்ததும் பெட்டி அந்த வீட்டில் நிற்கக் கூடாது. குளிப்பாட்டக் கொண்டு போனதும் ஒயரை உருவு, துணியைச் சுருட்டு, வேனில் ஏற்று. யாரிடமும் சொல்லிக்கொள்ளாதே. துக்க வீட்டில் போயிட்டு வாரேன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பெட்டிக்காரன் சொல்லவே கூடாது. திரும்பிப் பார்க்காமல் போய்விட வேண்டும். அடுத்த வீட்டில் இன்னொருவர் வெறுந்தரையில் காத்திருப்பார்.

இரண்டாவது, நேரம் சொல்லக் கூடாது. "பெட்டி எம்புட்டு நேரம் தாங்கும்னு கேட்டா சொல்லு. மகன் எப்ப வருவான், எப்ப எடுக்கலாம்னு கேட்டா வாயத் தொறக்காத. அது அவுக சொந்தக்காரக பேச்சு."

முதல் விதியைக் கடைசி வரை காப்பாற்றினேன்.

ஆரம்பத்தில் எனக்கு உலகத்தில் ஒரு நேரம்தான் தெரியும். ஒரு வீட்டில் மகன் குவைத்திலிருந்து பேசினான். இங்கே காலை ஏழரை. அவன் இப்போதுதான் ஐந்து மணி என்கிறான். குடித்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். கடைக்கு வந்து பாயிடம் சொன்னேன். அவர் காலண்டர் அட்டையின் பின்பக்கத்தில் ஒரு கோடு போட்டு, நடுவில் மதுரை என்று புள்ளி வைத்தார்.

"சூரியன் கெழக்க இருந்துதான வருது? கெழக்க இருக்கவனுக்கு மொதல்ல விடிஞ்சிரும். அவன் கடிகாரம் முன்னாடி ஓடும். மேற்க இருக்கவனுக்குப் பொறகுதான் விடியும். அவன் கடிகாரம் பின்னாடி. மேற்க இருக்கவன் மணி சொன்னா கூட்டிக்க. கெழக்க இருக்கவன் சொன்னா கழிச்சுக்க."

ஒரு சின்ன நோட்டு வாங்கி எழுதி வைத்தேன். சட்டைப் பையில் இருக்கும். துபாய், மஸ்கட் ஒன்றரை பின். சவூதி, குவைத், கத்தார் இரண்டரை பின். சிங்கப்பூர், மலேசியா இரண்டரை முன். லண்டன் வெயில் காலத்தில் நாலரை பின், குளிர் காலத்தில் ஐந்தரை பின். அமெரிக்கா என்றால் எந்தப் பக்கம் என்று கேட்க வேண்டும். இதுதான் மருமகள் கேட்ட கணக்கு. இதில் தப்பு எதுவும் இல்லை.

கூட்டிக் கழிக்கத் தெரிந்ததும் வாய் நிற்கவில்லை. அழுதுகொண்டிருக்கிற வீட்டில் யாருக்கும் கணக்கு ஓடாது. நோட்டை எடுத்துப் பார்த்து, இத்தனை மணிக்கு இறங்குவார், இத்தனை மணிக்கு வீடு வந்துவிடுவார் என்று சொன்னால் எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். மூட்டை தூக்கின காலத்தில் யாரும் அப்படிப் பார்த்ததில்லை. வந்தவர்களில் முக்கால்வாசி சவூதி, குவைத், துபாய் ஆட்கள். நான் சொன்ன நேரத்துக்கு ஒருவர்கூடப் பிந்தியதில்லை. முந்தித்தான் வந்தார்கள். பெட்டிக்காரர் கணக்கு சரியாக இருக்கும் என்று பெயர் வந்தது. பாய் காதுக்கும் போயிருக்கும். அவர் ஒன்றும் கேட்கவில்லை.

முத்துப்பேச்சி இறந்தது வியாழக்கிழமை விடிகாலை. நெஞ்சு வலி. எட்டு மணிக்குப் பெட்டி வைத்தோம். பாண்டி சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் சாரம் கட்டும் வேலை. போய் நான்கு வருடம். ஒரு தடவைகூட ஊருக்கு வரவில்லை. வியாழன் சாயங்காலம் அக்காவுக்குப் போன் செய்தான். கம்பெனியில் லீவு விட்டுவிட்டார்கள், நாளைக்கு டிக்கெட் கிடைத்துவிட்டது, பதினொன்றே முக்காலுக்குத் திருச்சியில் இறங்குவேன், அங்கிருந்து கார் பிடித்து வந்துவிடுவேன். அம்மா முகத்தைப் பார்க்காமல் எடுத்துவிடாதீர்கள். இவ்வளவுதான் பேசினான். போனில் காசு தீர்ந்துவிட்டது.

நான் பெட்டியைப் பார்த்துவிட்டுப் போக அப்போதுதான் வந்திருந்தேன். ராமுத்தாய் காலண்டர் தாளைக் கிழித்து 11.45 என்று எழுதி வைத்திருந்தார். என்னிடம் நீட்டினார்.

"பெட்டிக்காரண்ணே, இவன் வீட்டுக்கு வர எம்புட்டு நேரமாகும்?"

நோட்டைப் பார்க்கவில்லை. சிங்கப்பூர் எனக்கு மனப்பாடம்.

"சிங்கப்பூருக்கு ரெண்டரை கழிக்கணும்மா. நம்ம மணிக்கு ஒம்பதே காலுக்கு எறங்கிருவாப்ள. வெளிய வந்து காரு பிடிச்சு, பன்னெண்டுக்குள்ள வீட்ல இருப்பாப்ள."

"அவன் பதினொண்ணே முக்கால்னுதான சொன்னான்?" என்றார் கருப்பையா. அந்த இரண்டு நாளில் நான் கேட்க அவர் பேசியது அது ஒன்றுதான்.

"அது அவுக ஊரு மணிய்யா."

சோணைமுத்து கையைத் தட்டினார். "அப்பச் சரியா இருக்கும். வெள்ளிக்கிழமை பத்தரையில இருந்து பன்னெண்டு ராகு காலம். அது கழியவும் இவன் வந்து நிக்கவும் சரியா இருக்கும். பன்னெண்டரைக்குத் தூக்கிருவோம். மின்மயானத்துக்கு ஒரு மணிண்டு சொல்லிருங்கப்பா."

பட்டறைக்காரர் சொல்லிவிட்டார். ஒரு மணி என்று பதிந்தாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை. ஒன்பதே காலுக்குப் பிறகு பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை ராமுத்தாய் போன் போட்டார். சுவிட்ச் ஆஃப். பத்து மணிக்கும் சுவிட்ச் ஆஃப். பதினொன்றுக்கும் அதுதான். அவனுடைய கூட்டாளி நம்பர் யாரிடமும் இல்லை. ராமுத்தாயின் போனில் சார்ஜ் இறங்கிவிட்டது. சார்ஜரை எடுத்து வந்து கேட்டார்.

"அண்ணே, உங்க போர்டுல சொருகிக்கிறவா?"

நான்தான் சொருகினேன். போனைப் பெட்டிக்கு அடியில், மடித்து வைத்த துணி மேல் வைத்தேன். யாரும் மிதித்துவிடக் கூடாது என்று.

பதினொன்றரைக்கு சோணைமுத்து பேச ஆரம்பித்தார்.

"பய ஏறலப்பா. ஏறியிருந்தா எறங்கி ரெண்டு மணி நேரமாச்சு. எவன்ட்டயாச்சும் போன வாங்கி ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டானா?"

"வருவான் மாமா," என்றார் ராமுத்தாய்.

"நாலு வருசமா வராதவன் இப்ப வாரானாக்கும். கம்பெனிக்காரன் விட்டுருக்க மாட்டான். சொல்ல மொகமில்லாம போன அமத்திப் போட்டான்."

"மாமா, பேசாம இருங்க."

"நான் பேசாம இருக்கேன் தாயி. மயானத்துக்காரன் இருப்பானா? அடுத்தது ரெண்டு மணிக்கு வேற ஆளு பதிஞ்சிருக்காக. அதை விட்டா மூணு மணிக்கு எமகண்டம். ரெண்டாம் ராத்திரியும் போட்டு வைக்கச் சொல்றியா ஒங்காத்தாள?" பிறகு என்னைப் பார்த்தார். "என்னப்பா பெட்டிக்காரரே, நீ சொன்ன கணக்கு சரிதான?"

"சரிதான்," என்றேன்.

பன்னிரண்டு அடித்தது. ஐந்து நிமிடம் பொறுத்தார்கள். மேளம் தொடங்கியது. நான் மூடியைத் திறந்தேன். நான்கு பேர் பிடித்துத் தூக்கி வாசலுக்குக் கொண்டு போனார்கள். வாசலில் சேலையை மறைப்பாகப் பிடித்துப் பெண்கள் குளிப்பாட்டத் தொடங்கினார்கள். வீட்டுக்குள் கருப்பையா மட்டும் இருந்தார். நானும் சேகரும் பெட்டியை மூடினோம். போர்டின் பிளக்கை உருவினேன். துணியோடு ஒயரோடு அப்படியே சுருட்டி, பெட்டியோடு வேனின் பின்பக்கம் ஏற்றினோம். ஐந்து நிமிடம் ஆகவில்லை. யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. யாரும் என்னைக் கேட்கவில்லை. திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டேன். அப்போது மணி பன்னிரண்டு பத்து.

அடுத்த வீடு திருமங்கலம் தாண்டி. கப்பலூர்ப் பக்கம் லாரிகள் நின்றன. போய்ச் சேர ஒன்றரை ஆகிவிட்டது. அந்த வீட்டில் பெட்டியை இறக்கி, துடைத்து, போர்டைப் போட துணிச் சுருளை விரித்தேன். ராமுத்தாயின் போன் தரையில் விழுந்தது. குனிந்து எடுத்தேன். கையில் இருக்கும்போதே அடித்தது. தெரியாத நம்பர். எடுத்துவிட்டேன்.

"அக்கா."

"அக்கா இல்லப்பா. பெட்டிக்காரன் பேசுறேன்."

"அண்ணே, நான் பாண்டி. கார்க்காரர் போன்ல இருந்து பேசுறேன். அக்கா ஏண்ணே எடுக்க மாட்டேங்குது? அதோட நம்பர் ஒண்ணுதாண்ணே எனக்கு மனப்பாடம்."

"எங்கப்பா இருக்க?"

"துவரங்குறிச்சி தாண்டியாச்சு. இன்னும் ஒரு மணி நேரம்."

"எப்ப எறங்கின?"

"பதினொண்ணே முக்காலுக்குத்தாண்ணே. அக்காட்ட நேத்தே சொன்னேன்ல."

கை தானாகச் சட்டைப் பை நோட்டுக்குப் போனது.

"அண்ணே, அம்மா பெட்டியிலதான இருக்கு?"

பெட்டி என் முன்னால் இருந்தது. மூடி திறந்து, காலியாகக் கிடந்தது.

"பாத்து வாப்பா," என்றேன். வைத்துவிட்டேன்.

என் போனில் மயானத்துக்குப் போட்டேன். அங்கே இருப்பவர் எனக்குத் தெரிந்தவர்.

"செல்லூர் அம்மாவா? உள்ள போயி இருவது நிமிசமாச்சேண்ணே. அவுக வீட்டுக்காரர்தான் கொள்ளி வச்சாரு. ஏண்ணே, நகை கிகை விட்டுட்டாகளா?"

"இல்ல," என்றேன்.

டிக்கெட்டில் ஏறும் நேரம் ஏறுகிற ஊர் நேரம். இறங்கும் நேரம் இறங்குகிற ஊர் நேரம். கழிக்க வேண்டியதை அச்சடிக்கும்போதே கழித்துவிடுகிறார்கள். பதினொன்றே முக்கால் என்றால் திருச்சியில் சுவரில் மாட்டிய கடிகாரத்தில் பதினொன்றே முக்கால். நான் இன்னொரு தடவை கழித்தேன். சவூதிக்காரர்களுக்கும் இத்தனை வருடமாக இதே தப்பைத்தான் செய்திருக்கிறேன். அவர்களுக்குக் கூட்டினேன். அதனால் நான் சொன்னதற்கு முந்தி வந்தார்கள். வீடே சந்தோஷப்பட்டது. தப்பு தப்பாகவே தெரியவில்லை. சிங்கப்பூரிலிருந்து அதுவரை வந்த சிலர் ஏறும் மணிதான் சொன்னார்கள், அதற்குக் கழித்தது சரி. கிழக்கேயிருந்து இறங்கும் மணி சொல்லி ஒருவன் வரும்வரை அது எனக்காகக் காத்திருந்தது. புதிதாக வந்தவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது இந்த ஒன்றுதான்.

அந்த வீட்டு ஆளைப் பெட்டியில் வைத்துக் கொடுத்துவிட்டு, சேகரை செல்லூருக்கு விடச் சொன்னேன். இரண்டே முக்காலுக்கு சந்து முனையில் இறங்கினேன். வீடு கழுவிவிட்டிருந்தார்கள். வாசலில் தண்ணீர் நின்றது. ஆண்கள் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு உட்கார்ந்திருந்தார்கள். சோணைமுத்து என்னைப் பார்த்ததும், "என்னப்பா, எதையும் விட்டுட்டுப் போயிட்டியா?" என்றார்.

சொல்ல வாயெடுத்தேன். கார் வந்துவிட்டது.

பாண்டி ஒரு பை மட்டும் வைத்திருந்தான். வேலைச் சட்டையோடு வந்திருந்தான். வாசல் தண்ணீரைப் பார்த்தான். அப்பாவின் ஈர வேட்டியைப் பார்த்தான். அவனுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அழவில்லை. பையைக் கீழே வைக்கவுமில்லை. ஒவ்வொரு முகமாகப் பார்த்துக் கேட்டான்.

"நான் சொன்ன நேரத்துக்குத்தான வந்தேன்?"

ராமுத்தாய் என்னைப் பார்த்தார்.

கணக்குத் தப்பு என்னுடையது என்று கருப்பையாவிடம் சொன்னேன். அவர் எழுந்து உள்ளே போய்விட்டார். சோணைமுத்து அடிக்க வந்தார். பட்டறைக்காரர் பிடித்துக்கொண்டார். பிடித்திருக்க வேண்டாம்.

சாயங்காலம் கடைக்குப் போனேன். காஜா பாய்க்குத் தெரிந்திருந்தது. நின்றுகொண்டிருந்தார்.

"நேரம் நீ சொன்னியா?"

"ஆமா பாய்."

கையை நீட்டினார். நோட்டைக் கொடுத்தேன். கண்ணாடி போட்டு, ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். திருப்பிக் கொடுத்தார்.

"எல்லாம் சரியாத்தான்ப்பா எழுதியிருக்க," என்றார்.

அதற்கு மேல் அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. மறுநாளும் வேலைக்கு அனுப்பினார். அவர் இறக்கும்வரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் நான் வேறு வேலைக்குப் போயிருப்பேன்.

அதன் பிறகு எந்த வீட்டிலும் நான் நேரம் சொன்னதில்லை. கடைசியாகப் பெட்டி வைத்தது கே.கே. நகரில். ஓய்வு பெற்ற ஆசிரியர். பிள்ளைகள் மூன்று பேர், மூன்று நாட்டில். ஒருவரும் வரவில்லை. போனை ஸ்டாண்டில் மாட்டி வைத்து மூவரும் அதில் பேசிக்கொண்டார்கள். பத்து மணிக்கு எடுத்தால் லண்டனில் விடிந்திருக்காது. பதினொன்று என்றால் சிட்னி மகள் பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவரப் போக வேண்டும். அதற்கும் மேலே போனால் அமெரிக்காவில் தூங்கும் நேரம். முக்கால் மணி நேரம் பேசிப் பத்தரை என்று முடித்தார்கள். கணக்கு சரியாகத்தான் இருந்தது. போன் கணக்கில் தப்பு வராது. ஒரு குரல் மட்டும் என்னைக் கூப்பிட்டது.

"அண்ணே, கண்ணாடியைக் கொஞ்சம் தொடைங்க. இங்க அப்பா முகம் மங்கலா தெரியுது."

துடைத்தேன். அந்த வாரம்தான் வேலையை விட்டு நின்றேன்.

அன்று செல்லூர் வீட்டில் போனைத் திருப்பிக் கொடுத்ததை மேலே எழுதவில்லை. ராமுத்தாய் அது காணாமல் போனதையே அதுவரை அறியவில்லை. என் கையிலிருந்து வாங்கினார். திரையில் ஒரே நம்பர், வரிசையாக, எடுக்காமல் விட்ட அழைப்புகள். வேனின் பின்னால் துணிச் சுருளுக்குள் அடித்தது எனக்குக் கேட்கவில்லை. முதல் அழைப்பு பன்னிரண்டு இருபத்திரண்டு. அப்போது முத்துப்பேச்சிக்குச் சேலை உடுத்திக்கொண்டிருந்திருப்பார்கள். கடைசி அழைப்பு ஒன்று இருபத்தெட்டு. ராமுத்தாய் விரலை வைத்து மேலிருந்து கீழே எண்ணினார். முடித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து எண்ணினார். நானும் கூடவே எண்ணினேன்.

பதினான்கு.